பி53 ‘பொசிட்டிவ்’ என்றால் மகன் பிழைக்கமாட்டானா?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் ஒன்பது பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு வயது 16. இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவன், பாடசாலை அணியில் பந்து விளையாடுகிறவன். வலது முழங்காலுக்கு மேலே நோகுது என்றபோது விழுந்த அடியாக்கும் என்று எண்ணெய் போட்டு உருவியிருக்கிறார்கள். பிறகு முறிவு வைத்தியரிடம் காட்டிப் பத்தும் கட்டினார்கள். இரவு இரவாக நோவு கூடி நித்திரை இல்லாமல் போன பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தார்கள். அதற்குப் பிறகு எம்.ஆர்.ஐ., பயோப்சி எல்லாம் நடந்து, தொடை எலும்பின் கீழ் முனையில் ஒஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய், வேகமாக வளரும் உயர்தர வகை என்று முடிவு வந்தது. நெஞ்சு சி.ரி. ஸ்கேனில் நுரையீரல் சுத்தம். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் முதல் சுற்று கீமோ முடிந்துவிட்டது.

ரொறன்ரோவில் இருக்கும் தாயின் அண்ணா இணையத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படித்து, “புரதக் குறியீடுகளைப் பார்க்காமல் மருந்து கொடுக்கிறார்கள்” என்று சொல்லியிருக்கிறார். அவர் காசு அனுப்ப, பயோப்சித் துண்டைப் பதித்த மெழுகு புளொக்கை ஒரு தனியார் லாப்பில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பி53 பொசிட்டிவ், கீ-67 60 வீதம், ஹெர்-2 ஓரளவு பொசிட்டிவ் என்று வந்திருக்கிறது. இரத்தத்தில் ஏ.எல்.பி. முதலில் 740, கீமோவுக்குப் பிறகு 610. எல்.டி.எச். என்ற இன்னொரு இரத்த அளவும் அதிகம். ‘இதெல்லாம் கூடாத அறிகுறி, இங்கே நிறுத்திவிட்டு மகனைச் சென்னைக்குக் கொண்டு போ’ என்கிறார் அண்ணா. அதற்கு நகையும் காணியும் போக வேண்டும்.

தாயின் கேள்விகள்: மகன் பிழைப்பானா? இன்னும் பெரிய புரதப் பரிசோதனை செய்ய வேண்டுமா? சென்னைக்குப் போவதா? எண்ணெய் போட்டு உருவியதாலும் ஊசி போட்டுத் துண்டு எடுத்ததாலும் பரவியிருக்குமா? மகனிடம் ‘எலும்பில் இன்பெக்‌ஷன்’ என்று சொல்லி வைத்திருப்பது சரியா? கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், நினைவு வந்து எழுதியது போல, இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

அன்புள்ள தாய்க்கு,

இல்லை. பி53 பொசிட்டிவ் என்ற ஒரு வரியை வைத்து உங்கள் மகன் பிழைக்கமாட்டான் என்று சொல்ல எந்த டொக்டருக்கும் முடியாது. சொன்னால் நம்ப வேண்டாம்.

நான் கீமோ கொடுக்கும் வைத்தியர் இல்லை. திசுவை நுண்ணோக்கியில் பார்த்து இது இன்ன நோய் என்று எழுதிக் கொடுக்கிற ஆள். அண்ணா படித்துப் பயந்துபோன அந்த ரிப்போர்ட்டைப் போல எத்தனையோ ரிப்போர்ட்டில் நானே கையெழுத்து வைத்திருக்கிறேன். அதனால் அது எப்படித் தயாராகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

பழுப்பு நிறம் எங்கிருந்து வருகிறது

எலும்பு சீவும் கத்திக்கு அடங்காது. அதனால் பயோப்சித் துண்டை முதலில் அமிலத்திலோ வேறு கரைசலிலோ ஊறப்போட்டு அதிலுள்ள கல்சியத்தைக் கரைக்கிறோம். பிறகு மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீற்றரில் 250 இல் ஒரு பங்கு தடிப்பில் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறோம். பி53 புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிற ஒரு பிறபொருளெதிரியை அதன்மேல் விட்டு நிறம் ஏற்றினால், அந்தப் புரதம் சேர்ந்திருக்கும் கலங்கள் பழுப்பாகவும் மற்றவை நீலமாகவும் தெரியும். பழுப்பைக் கண்ணால் எண்ணி வீதம் போடுகிறோம்.

இதில் எத்தனை இடத்தில் சறுக்கலாம் என்று பாருங்கள். அமிலத்தில் அதிக நேரம் கிடந்த துண்டில் நிறம் சரியாகப் பிடிக்காது. எலும்புப் பயோப்சியில் இது எங்களுக்கு எப்போதும் தலையிடி. ஒரே தகட்டை இரண்டு பேர் எண்ணினால் ஒருவர் 40 என்பார், மற்றவர் 60 என்பார். இரண்டு பேரும் பிழை விடவில்லை. எந்த மூலையை எண்ணினார்கள் என்பதுதான் வித்தியாசம். உங்கள் கையிலுள்ள ‘60 வீதம்’ அப்படிப் பிறந்த ஒரு எண்.

சரி, எண் சரியென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என்ன? பி53 என்பது கலத்துக்குக் காவல்காரன் மாதிரி ஒரு புரதம். ஒஸ்டியோசார்கோமா உள்ள பெரும்பாலானோரின் கட்டியில் அதன் மரபணு ஏதோ ஒரு விதத்தில் பழுதாகித்தான் இருக்கும். மழை நாளில் 138 பஸ்ஸில் ஏறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் குடை இருக்கிறது. குடையைப் பார்த்து யார் நுகேகொடையில் இறங்குவார், யார் மகரகம வரை போவார் என்று சொல்ல முடியுமா? அதைவிட ஒரு வேடிக்கை, சில வகைப் பழுதில் புரதமே உருவாகாது. அங்கே தகடு நீலமாகவே இருக்கும், ரிப்போர்ட்டில் ‘நெகட்டிவ்’ என்று வரும், ஆனால் காவல்காரன் இல்லை. ஆக, நெகட்டிவ் என்று வந்திருந்தாலும் நீங்கள் சந்தோஷப்பட அதில் ஒன்றும் இருந்திருக்காது.

கீ-67 எத்தனை கலங்கள் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கின்றன என்பதைக் காட்டும். உயர்தரக் கட்டி என்றாலே வேகமாகப் பெருகுவதுதான். முதல் ரிப்போர்ட்டில் இருந்த செய்தியை இரண்டாவது முறை காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள்.

ஹெர்-2 தான் அண்ணாவை அதிகம் குழப்பியிருக்கிறது. மார்புப் புற்றுநோயில் அது மிகப் பெரிய விஷயம். ஹெர்-2 அதிகமாக இருந்தால் அதற்கென்றே மருந்து இருக்கிறது, அந்த மருந்து பல பெண்களைக் காப்பாற்றியிருக்கிறது. எலும்பில் கதை வேறு. 1990களின் கடைசியில் ஹெர்-2 உள்ள ஒஸ்டியோசார்கோமா மோசம் என்று ஒரு ஆய்வு சொன்னது. பிறகு வந்தவற்றில் சில ஆமென்றன, சில இல்லையென்றன. அமெரிக்காவில் நோய் பரவிய, ஹெர்-2 உள்ள பிள்ளைகளுக்குக் கீமோவோடு அந்த மார்புப் புற்று மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2012 இல் வெளியான முடிவில் தெளிவான பலன் தெரியவில்லை.

இன்னொரு உதாரணமும் சொல்கிறேன், ஏனென்றால் அண்ணாவுக்கு இதை அனுப்பலாம். பி-கிளைக்கோபுரோட்டீன் என்று ஒரு புரதம், கீமோ மருந்தைக் கலத்துக்குள் இருந்து வெளியே தள்ளும் பம்பி. 1995 இல் ஒரு முன்னணி மருத்துவ இதழில் வந்த ஆய்வு, இது கூடின நோயாளர்களுக்கு நோய் திரும்ப வருவது அதிகம் என்றது. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! 2000 ஆம் ஆண்டில், பல ஆஸ்பத்திரிகளில் நோயாளர்களை முன்கூட்டியே பதிந்து தொடர்ந்து பார்த்த ஆய்வில், அந்தப் பம்பியின் மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கும் நோயின் முடிவுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. இத்தாலியில் இன்னும் அதைக் கைவிடவில்லை, வாதம் நடக்கிறது. அண்ணா படித்த கட்டுரைகள் பொய் இல்லை. ஆனால் ஒரு கட்டுரை வெளியாவதற்கும், மகரகம வார்ட்டில் ஒரு பிள்ளையின் மருந்தை மாற்றுவதற்கும் இடையில் நீண்ட பாதை இருக்கிறது. எலும்புப் புற்றில் புரதங்கள் பலவும் அந்தப் பாதையில்தான் நின்றுபோயின.

புரதப் பரிசோதனை வீண் என்று நினைத்துவிடாதீர்கள். நோய்க்குப் பெயர் வைக்க அதை நாங்கள் தினமும் பாவிக்கிறோம். சிறு நீலக் கலங்களாகத் தெரிகிற கட்டி ஈவிங் சார்கோமா என்ற வேறு வகைப் புற்றா என்று பார்க்க ஒரு புரதம், மெதுவாக வளரும் எலும்புக் கட்டியைப் பிரித்தறிய வேறு இரண்டு. பெயர் மாறினால் மருந்தே மாறும். உங்கள் மகனுக்கு அந்தப் பெயர் ஏற்கனவே கிடைத்துவிட்டது.

எதைப் பார்த்து எதிர்காலத்தைச் சொல்கிறோம்

நோய் கண்டுபிடித்த நாளில் நுரையீரலுக்கோ வேறு எலும்புக்கோ போயிருந்ததா என்பதுதான் முதல் கேள்வி. உங்கள் மகனுக்குப் போகவில்லை. கட்டியை முழுதாக, ஓரத்தில் மிச்சம் வைக்காமல் எடுக்க முடியுமா என்பது இரண்டாவது. முழங்காலுக்கு மேல் என்பதால், இடுப்பு எலும்பிலோ முள்ளந்தண்டிலோ வந்தவர்களைவிட அந்த வாய்ப்பு நல்லது. மூன்றாவது, கீமோவுக்குக் கட்டி எப்படிப் பதில் சொல்கிறது என்பது. அது சத்திரசிகிச்சைக்குப் பிறகுதான் தெரியவரும்.

அந்த எலும்பு எங்களிடம் வரும்போது நீளவாக்கில் வாளால் அறுத்து, நடுவிலிருந்து ஒரு பலகை போல எடுத்து, அதைப் படம் பிடித்துக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக நுண்ணோக்கியில் பார்ப்போம். எவ்வளவு செத்திருக்கிறது, எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று கணக்குப் பார்ப்போம். 90 வீதமோ அதற்கு மேலோ செத்திருந்தால் நல்ல பதில் என்கிறோம். அண்ணா தேடுகிற ‘குறியீடு’ எதையும்விட இந்த எண்ணுக்குப் பாரம் அதிகம்.

பரவாத ஒஸ்டியோசார்கோமாவில், முழுச் சிகிச்சையும் எடுத்தவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 60 முதல் 70 பேர் ஐந்து வருடத்துக்குப் பிறகும் இருக்கிறார்கள். கீமோ வருமுன், காலை எடுத்தும்கூட ஐந்தில் ஒருவர் தப்பினால் பெரிய காரியம். ஆனால் 100 பேரின் கணக்கை ஒரு பிள்ளையின் நெற்றியில் ஒட்ட முடியாது. உங்கள் மகன் அந்த 60, 70 இல் இருப்பானா, மற்றப் பக்கத்தில் இருப்பானா என்பதை இன்று எனக்கும் தெரியாது, ரொறன்ரோவுக்கும் தெரியாது.

ஏ.எல்.பி. 740 இலிருந்து 610

ஏ.எல்.பி. என்ற அல்கலைன் பொஸ்பற்றேஸ் எலும்பு உருவாகும்போது இரத்தத்தில் கூடும். ஆரம்பத்தில் அது மிகக் கூட இருந்தவர்களுக்கு முடிவு சற்று மோசம் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்ததால், இதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் உங்கள் இரத்த ரிப்போர்ட்டில் சிவப்பு ‘எச்’ எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரண அளவைப் பாருங்கள். 120 அளவில் முடிகிறதா? அது பெரியவர்களுக்கான அளவு. உயரம் வளர்ந்துகொண்டிருக்கும் 16 வயதுப் பையனுக்கு, நோய் ஒன்றும் இல்லாமலே 300க்கு மேலே போகலாம். 740 அதைவிட அதிகம்தான். ஆனால் ஆறு மடங்கு என்று அண்ணா சொன்ன கணக்குப் பிழை. இறங்குவது நல்ல பக்கம் போகிற அறிகுறி. ஒரு சுற்றை வைத்து அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டேன். ஒரே லாப்பில் தொடர்ந்து செய்யுங்கள், லாப் மாறினால் எண்ணும் மாறும்.

எல்.டி.எச். பற்றி ஒன்று. அது செங்குருதிக் கலங்களுக்குள்ளும் நிறைய இருக்கிறது. நரம்பு கிடைக்காமல் இழுத்து இழுத்து எடுத்த இரத்தம், குழாய்க்குள்ளேயே கலங்கள் உடைந்து, எல்.டி.எச்.சைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். அதிகமாக வந்தால் ஒருமுறை திருப்பிச் செய்து பார்ப்பதுதான் வழக்கம்.

சென்னை, காணி, காசு

கீமோவை நடுவில் நிறுத்திவிட்டு இடம் மாறுவது எனக்குப் பிடிக்காத யோசனை. அங்கே டொக்டர்மார் கெட்டிக்காரர்கள் இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. மெதோட்ரெக்சேட், டொக்சோருபிசின், சிஸ்பிளாட்டின் மூன்றும்தான் உலகம் முழுக்க இந்த நோய்க்கு முதல் மருந்து. சென்னையிலும் அதுதான், ரொறன்ரோவிலும் அதுதான். கடவுச்சீட்டு, தங்குமிடம், திரும்ப எல்லா ஸ்கேனும் என்று மூன்று நான்கு கிழமை போனால், அந்த இடைவெளிதான் நிச்சயமான நட்டம்.

‘கூடாத அறிகுறி என்றால் அதிக மருந்து கொடுக்கலாமே’ என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான எண்ணம், எங்களுக்கும் இருந்தது. ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் சேர்ந்து 2005 முதல் 2011 வரை 2,000க்கு மேற்பட்ட நோயாளர்களைப் பதிந்து நடத்திய யூராமோஸ் பரிசோதனையில், கட்டி சரியாகச் சாகாதவர்களில் ஒரு பகுதியினருக்கு இன்னும் இரண்டு மருந்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். பக்கவிளைவு கூடியது. பலன் கூடவில்லை. ஆக, மோசம் என்று தெரிந்துகொள்வது வேறு, அதை மாற்றத் தெரிவது வேறு. ஒரு பரிசோதனைக்குக் காசு கட்டுமுன் கிளினிக்கில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதன் முடிவு எப்படி வந்தாலும் மகனுக்குக் கொடுக்கும் மருந்து மாறுமா?” மாறாது என்றால் காசைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது அபிப்பிராயம் கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் உங்கள் டொக்டர் கோபிக்கமாட்டார், கோபித்தாலும் பரவாயில்லை. ஆனால் பிள்ளை போகத் தேவையில்லை. மெழுகு புளொக்கும் கண்ணாடித் தகடுகளும் ஸ்கேன் சி.டி.யும் போகலாம். எலும்புக் கட்டிகளையே பார்க்கிற ஒரு நோயியல் வைத்தியர் அந்தத் தகட்டைத் திரும்பப் பார்த்துப் பெயரை உறுதிப்படுத்தினால், அது எந்தப் புரதப் பட்டியலையும்விடப் பெறுமதி. கீமோ அது பாட்டில் இங்கே நடக்கட்டும்.

காசு தேவைப்படுகிற இடங்கள் வேறு இருக்கின்றன. மெதோட்ரெக்சேட் கொடுத்த பிறகு இரத்தத்தில் அதன் அளவு நேரத்துக்கு நேரம் பார்க்கப்படுகிறதா, டொக்சோருபிசினுக்காக இதய எக்கோ, சிஸ்பிளாட்டினுக்காகக் காது கேட்கும் பரிசோதனை எல்லாம் திகதிப்படி நடக்கிறதா என்று கேளுங்கள். காலைக் காப்பாற்றிச் செயற்கை மூட்டு வைக்க முடியுமென்றால் அதன் செலவு எவ்வளவு, அரசாங்கத்திலிருந்து எவ்வளவு கிடைக்கும் என்பதை இப்போதே விசாரியுங்கள். காணியை விற்கிற யோசனை வந்தால் அதற்கு வரட்டும்.

அண்ணா அனுப்பிய விற்றமின் போத்தல்களை டொக்டரிடம் காட்டாமல் கொடுக்க வேண்டாம். போலிக் அமிலம் கலந்த விற்றமின் மெதோட்ரெக்சேட்டின் வேலையைக் குழப்பும். நோவுக்கு நீங்களாகவே புருபன் கொடுப்பதும் கூடாது. அது மெதோட்ரெக்சேட் உடலை விட்டுப் போவதைத் தடுத்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்.

உருவியதும் ஊசியும்

உருவியதால் இந்த நோய் வராது. ஒவ்வொரு வருடமும் இந்த நோயோடு வருகிற பிள்ளைகளில் பலருக்கு முதலில் எண்ணெய்தான் போட்டிருப்பார்கள். எங்கள் வீடாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். இனிமேல் அந்தக் காலை உருவ வேண்டாம், அவ்வளவுதான். பயோப்சி இல்லாமல் சிகிச்சையே இல்லை. ஊசி போன பாதையையும் சேர்த்து வெட்டி எடுக்கும்படிதான் சத்திரசிகிச்சையைத் திட்டமிடுவார்கள்.

நீங்கள் ஓரத்தில் எழுதியது

‘என் தங்கச்சி 32 வயதில் மார்புப் புற்றில் போனாள், எங்கள் குடும்பத்துக்கே சாபம்’ என்று ஒரு வரி. ஒன்பது பக்கத்திலும் என்னைப் பேனாவைக் கீழே வைக்கச் செய்தது அந்த வரிதான். சாபம் இல்லை. ஆனால் கிளினிக்கில் சொல்ல வேண்டிய விஷயம், சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

கட்டியில் மட்டும் பி53 பழுதாவது ஒன்று. பிறக்கும்போதே உடம்பின் எல்லாக் கலத்திலும் அந்த மரபணு ஒரு பக்கம் பழுதாக இருப்பது வேறு. இரண்டாவதுக்கு லி-பிராமேனி என்று பெயர், 1969 இல் அதை விபரித்த இரண்டு டொக்டர்களின் பெயர். அந்தக் குடும்பங்களில் இளவயதில் எலும்புப் புற்று, மார்புப் புற்று போன்றவை வரும். உங்கள் மகனும் அவனது சின்னம்மாவும் சேர்ந்தால், இதைச் சோதித்துப் பார்க்கலாம் என்ற சர்வதேச அளவுகோலுக்குள் உங்கள் குடும்பம் வருகிறது. தனியார் லாப் செய்த பழுப்பு நிறம் இதற்குப் பதில் சொல்லாது. இரத்தத்தில் செய்யும் மரபணுப் பரிசோதனை வேண்டும்.

இருக்கிறது என்று சொல்லவில்லை. ஒஸ்டியோசார்கோமா வந்த பிள்ளைகளில் மிகச் சிலருக்கே இது இருக்கிறது. ஆனால் இருந்தால், அது உங்களிடமிருந்து வந்திருக்கலாம். அப்படியென்றால் உங்கள் 12 வயது மகளுக்கும் இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. உங்கள் மார்பையும் மகளையும் வருடா வருடம் எம்.ஆர்.ஐ. மூலம் கவனிப்பது முதல், கதிர்வீச்சை முடிந்தவரை தவிர்ப்பது வரை பல விஷயங்கள் மாறும். மேலே சொன்ன கேள்வியை இங்கே கேட்டால், ‘ஆம், மாறும்’ என்பதுதான் பதில். அவசரமில்லை, கீமோவை இதற்காகத் தள்ளவும் வேண்டாம். செய்வதா என்பதை நீங்களும் கணவரும் மரபணு ஆலோசனை கேட்ட பிறகு தீர்மானியுங்கள். தெரியாமல் இருப்பதே நிம்மதி என்று சொல்கிற குடும்பங்களும் உண்டு, அதையும் மதிக்கிறேன். பெரிய புரதப் பரிசோதனைக்குக் கட்டுகிற காசு இருந்தால், நானாக இருந்தால் இதற்குக் கொடுப்பேன்.

மகனிடம் சொல்வது

அவன் கையில் போன் இருக்கிறது. பஸ்ஸில் ‘மகரகம ஆஸ்பத்திரி’ என்று நடத்துனர் கத்துவதை அவனும் கேட்கிறான். பக்கத்துக் கட்டிலில் தலைமயிர் இல்லாத பிள்ளையைப் பார்க்கிறான். 16 வயதுப் பையனுக்கு இன்பெக்‌ஷன் கதை ஒரு கிழமைக்குமேல் தாங்காது. அவனுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறான் என்பதுதான் என் ஊகம். நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு தனித்தனியாக அழுகிறீர்கள். முழுக்கதையையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். “உனக்கு என்ன தெரியும், என்ன கேட்க வேணும்?” என்று தொடங்குங்கள். அவன் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், ஆனால் சொல்வது உண்மையாக இருக்கட்டும். கால் சத்திரசிகிச்சை பற்றிய பேச்சில் அவன் அறைக்குள் இருக்க வேண்டும், அது அவன் கால். பரீட்சையைத் தள்ளிப்போடலாமா என்பதையும் அவனிடமே கேளுங்கள். சில பிள்ளைகள் எழுதத்தான் வேணும் என்பார்கள்.

ஓரத்தில் இருந்த இரண்டாவது விஷயம். ரிப்போர்ட்டில் ‘புரதம்’ அதிகம் என்று வந்ததால் அம்மம்மா முட்டையையும் மீனையும் நிறுத்திவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் நான் சிரித்த ஒரே இடம் இதுதான், அம்மம்மா மன்னிக்க வேண்டும். அந்தப் புரதம் கட்டி தானே செய்வது. சாப்பாட்டில் உள்ள புரதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கீமோ நேரத்தில் நிறை குறையாமல் இருக்க அவனுக்கு இவை கட்டாயம் வேண்டும். முட்டை நன்றாக அவிந்திருக்கட்டும், அரை அவியல் வேண்டாம். வாய் புண்ணாகும் நாட்களில் உறைப்பில்லாத சொதியில் ஊறவைத்த இடியப்பத்தோடு, முள் எடுத்த மீனை மசித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.